நாம் திருப்பிவைத்த கல்

மச்சான்,

இன்று காலை மழைச்சட்டையைத் தேடி கராஜுக்குள் போன இடத்தில், கையுறைப் பெட்டியைக் காலால் தட்டிக் கவிழ்த்துவிட்டேன். விழுந்தவை எல்லாம் இடக்கைக் கையுறைகள். விரல் நுனிகூடத் தேயாத நல்ல கையுறைகள். அவற்றின் நடுவில் வலக்கைக் கையுறை ஒன்றே ஒன்று கிடந்தது. அது உன்னுடையது. எடுத்து மூக்கருகே கொண்டுபோனேன். மண் மணம், அதற்குள் நீ எந்நேரமும் சப்பும் கராம்பின் மணம். எழும்ப மனமில்லாமல் கொஞ்ச நேரம் அங்கேயே குந்தியிருந்தேன்.

"அப்பா, வீ ஆர் லேட்!" என்று ஆரணி கார் பக்கத்தில் நின்று கத்தினாள்.

என் மகளுக்கு இப்போது ஒன்பது வயது. நாங்கள் போகப் புறப்பட்டது நீயும் நானும் வேலை செய்த அந்தச் சீனத் தோட்டத்துக்கு. இழுத்து இழுத்து, கடைசியில் இன்றுதான் அதைப் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். நீ போய் நான்கு மாதம் ஆகிவிட்டது. உனக்கு எதிலும் அவசரம்.

காரில் போகும்போது ஆரணி அந்தப் பெட்டியைப் பற்றிக் கேட்டாள். ஏன் எல்லாம் ஒரே கை? நான் சொன்னேன்: அப்பாவுக்கு வலக்கைப் பழக்கம், மாமாவுக்கு இடக்கைப் பழக்கம். ஆகவே எனக்கு வலக்கைக் கையுறை முதலில் கிழியும், மாமாவுக்கு இடக்கையுடையது கிழியும். மற்றது இரண்டு பேருக்கும் புதிதாகவே மிஞ்சும். ஆளுக்கு இரண்டு சோடி கிழிந்ததும், மிஞ்சியதில் ஒன்றை மாற்றிக்கொள்வோம். ஆளுக்கு ஒரு சோடி சும்மா வந்துவிடும். "தாட்ஸ் ஸோ ஸ்மார்ட்" என்றாள். கெட்டித்தனம் முழுக்க மாமாவுடையது என்று சொல்லிவைத்தேன். உண்மையும் அதுதான்.

தோட்டத்தைக் கண்டதும் எனக்குத் தலை சுற்றியது. கிளென் வேவர்லி ஊர் தாண்டி, நம் பூட்ஸ் கணுக்கால்வரை புதைந்த அந்தச் சேற்று நிலமா இது என்று பார்த்துக்கொண்டு நின்றேன். வெள்ளைச் சுவர், அதன் முதுகில் சாம்பல் ஓடு, முழு நிலாப் போல ஒரு வட்ட வாசல். வாசலில் சிங்க ஆட்டம், மேளம், தூறல், குடைகள். யாரோ மைக்கில் நன்றி சொல்லிக்கொண்டே இருந்தார்கள். நம்முடைய சனமும் வந்திருந்தது. சேலைக்கு மேல் மழைச்சட்டை போட்டுக்கொண்டு வட்டத்துக்குள் நின்று படம் எடுத்தார்கள். நீ இருந்திருந்தால் வரிசையை விட்டுவிட்டுப் பின்பக்கம் நாம் வண்டில் தள்ளிய வழியால் போயிருப்பாய். நானும் அதைத்தான் தேடினேன். அந்த வழியில் இப்போது மூங்கில் நிற்கிறது.

சொன்னால் சிரிப்பாய், நான் அந்தத் தோட்டத்துக்குள் தொலைந்துபோனேன். கூழாங்கல் பாதையில் பாதியை முழங்காலில் நின்று பதித்தவன் நான். ஆனால் நாம் வேலை செய்த காலத்தில் சுவர்கள் அரைகுறையாக நின்றன. ஒரு மூலையில் நின்று கூப்பிட்டால் மறு மூலையில் நீ கையைக் காட்டுவாய். இப்போது ஐந்து அடி நடந்தால் ஒரு சுவர், சுவரில் ஒரு சன்னல், சன்னலுக்குள் ஒரு மரம். அந்த மரத்துக்குப் போக வழி எது என்று மட்டும் தெரியாது. வளைந்து வளைந்து போகிற பாலத்தில் இரண்டு தரம் போய், இரண்டு தரமும் புறப்பட்ட இடத்திலேயே இறங்கினேன்.

தமிழ்நாட்டுப் பெண் ஒருத்தி என்னைக் கண்டு நம்பிக்கையோடு வந்தாள். "அண்ணா, டாய்லெட் எந்தப் பக்கம்னு தெரியுமா? சுத்திச் சுத்தி இங்கேயேதான் வர்றோம்." கட்டினவன் என்ற திமிரில் இடப்பக்கம் கையை நீட்டினேன். அவள் போன வேகத்திலேயே திரும்பி வந்தாள். "அங்க குளம்தாண்ணா இருக்கு" என்றாள். ஆரணி வெட்கத்தில் என் கையை விட்டுவிட்டாள்.

நான் தேடியது என்ன என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. அந்தக் கல்லைத்தான்.

கடைசியில் குளத்தின் மறுகரையில் அதைக் கண்டேன். நெஞ்சளவு உயரம், உடம்பெல்லாம் ஓட்டை, மேலே அகன்று கீழே ஒடுங்கி, ஒரு காலில் நிற்கிற ஆளைப் போல நின்றது. சுற்றி நின்றவர்கள் படம் எடுத்தார்கள். ஆரணி தலையைச் சரித்துப் பார்த்தாள்.

"அப்பா, இட்ஸ் அப்சைட் டவுன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. இதே சொல்லைத் தமிழில் உனக்குச் சொன்னவன் நான்.

அந்த நாள் உனக்கு நினைவிருக்கும். ஆனால் என் வாயால் நான் அதை ஒருநாளும் சொன்னதில்லை, ஆகவே சொல்கிறேன். மத்தியானம். தோட்டத்தை அமைக்கச் சீனாவிலிருந்து வந்த மாஸ்டரும் அவரோடு வந்த ஆட்களும் சாப்பிட்டுவிட்டு வழக்கம்போல் அரைமணி நேரம் படுத்துவிட்டார்கள். வேலைத்தளத்தில் மத்தியானம் தூங்குகிறவர்களை நாம் அதற்கு முன் கண்டதில்லை. அவரை எல்லோரும் மாஸ்டர் என்றது நமக்கு இன்னொரு பகிடி. நமக்கு மாஸ்டர் என்றால் கணக்குப் படிப்பிக்கிறவர். அன்று காலைதான் பெட்டியை உடைத்து அந்தக் கல்லை எடுத்து நிறுத்தியிருந்தோம். கல்லைத் தூக்கிய இரும்பு முக்காலியும் அதில் தொங்கிய சங்கிலியும் இன்னும் கல்லுக்கு மேலேதான் நின்றன. நான் சோற்றுப் பெட்டியை மூடிவிட்டுக் கல்லைச் சுற்றி வந்தேன்.

"டேய், இதைத் தலைகீழா நிப்பாட்டிப்போட்டம்."

நீ நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "மாஸ்டர் எழும்பட்டும் மச்சான். கேட்டுச் செய்வம்."

"கேட்க என்ன கிடக்கு? ஒடுங்கின பக்கம் கீழ நிக்குமே? சின்னப் பிள்ளையள் ஓடித் திரியிற இடம். ஒண்டு தட்டினா காணும். அவர் எழும்பி வந்து பாத்தா சந்தோஷப்படுவார்."

உரல் என்றாலும் நெல் மூட்டை என்றாலும் அகன்ற பக்கத்தைத்தான் நிலத்தில் வைப்போம். அந்தக் கல்லை ஒடுங்கின காலில் நிறுத்துவதற்காகவே தேடித் தெரிந்து கடல் கடந்து கொண்டுவந்தார்கள் என்று நமக்கு யார் சொன்னார்கள்? நீ இரண்டு தரம் வேண்டாம் என்றாய். மூன்றாம் தரம் நான் சங்கிலியில் கையை வைத்துவிட்டேன். "விசரா, பொறு, கல்லுக்குப் பெல்ட்டை ஒழுங்காக் கட்டவேணும்" என்று நீ ஓடிவந்தாய். நான் சங்கிலியை இழுத்தேன், நீ கல்லைக் கட்டிப்பிடித்துத் திருப்பினாய். அழகாகத்தான் திரும்பியது. இறக்கும்போது விளிம்பு முக்காலியில் தட்டி, வளையல் உடைகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம் கேட்டது. ஒரு ஓட்டையைச் சுற்றி நின்ற மெல்லிய வளையம் உடைந்து விழுந்துவிட்டது.

மாஸ்டர் வந்தார். கத்தவில்லை. உடைந்த துண்டைக் குனிந்து எடுத்து, கல்லில் பொருத்திப் பார்த்து, தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அவர் கத்தியிருந்தால் எனக்கு நல்லாயிருந்திருக்கும்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் உனக்குத் தெரியுமா தெரியாதா என்று நான் இன்றுவரை உடைந்துகொண்டிருக்கிற விஷயம். தேத்தண்ணி நேரம் நான் மறைந்துபோய் ஒரு சிகரெட் பற்றவைத்தேன். திரும்பி வந்தபோது சூப்பர்வைசர் என்னைத் தன் கொன்டெய்னர் அறைக்குக் கூப்பிட்டான். மேசையில் ஒரு படிவம். உன் பெயரைச் சொல்லி, "அவன்தானே செய்தது? அவன் மட்டும்தானே?" என்று கேட்டான். விசா புதுப்பிக்க வேலைத்தளத்தில் நல்ல பெயர் வேண்டும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அது உண்மையோ பொய்யோ, அந்த நேரம் எனக்கு அது மட்டும்தான் கேட்டது. மனைவி, பிள்ளை என்று வதனியும் ஆரணியும் கண் முன்னே வந்தார்கள். உனக்கும் அதே விசாதான் என்பது நினைவுக்கு வரவில்லை. நான் "யெஸ்" என்றேன். ஒரு சொல். இங்கிலீஷில் மூன்றெழுத்து. காட்டிய இடத்தில் கையெழுத்தும் வைத்தேன்.

அடுத்த நாளிலிருந்து உன்னை வரவேண்டாம் என்றார்கள். என்னை அதே நாளில் வேறு வேலைத்தளத்துக்கு மாற்றினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நீ வழக்கம்போல் எங்கள் வீட்டுக்கு வந்தாய். நான்தான் கதவைத் திறந்தேன். நீ சப்பாத்தைக் கழற்றினாய். குசினிக்குள் எட்டி, "வதனி, என்ன கறி?" என்று கேட்டாய். கதிரையில் உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு வலக்கைக் கையுறையை எடுத்து மேசையில் வைத்தாய்.

"உன்ர இடக்கை எங்க?"

அவ்வளவுதான் கேட்டாய். நான் எழும்பிப் போய் எடுத்துவந்து தந்தேன். ஆரணியோடு கொஞ்ச நேரம் கரம் போர்ட் விளையாடிவிட்டு, "சரி, போட்டு வாறன்" என்று போனாய். பிறகு கிரான்போர்ன் பக்கம் நாற்றுப் பண்ணையில் வேலை எடுத்தாய். அங்கேயும் கையுறை கிழிந்தது. நீ கொண்டுவந்துகொண்டே இருந்தாய். ஒவ்வொரு தரமும் இன்று சொல்லிவிடவேண்டும் என்று நினைப்பேன். நீ சோற்றைப் பிசையத் தொடங்கிவிடுவாய். சாப்பிடுகிற மனுசனிடம் எப்படிச் சொல்வது? சாப்பிட்டு முடிந்ததும் உனக்கு நித்திரை வந்துவிடும். இப்படியே இரண்டு வருசம் போயிற்று. ஒரு காலையில் சவரம் செய்துகொண்டு நின்றவன் விழுந்துவிட்டாய். வைத்தியர் இதயம் என்றார். நான் உன் சவப்பெட்டிக்கு முன்னால் நின்றபோதுகூட, சொல்லவேண்டியதை யார் காதிலாவது விழுந்துவிடுமோ என்று சொல்லவில்லை. அப்படிப்பட்ட கோழை நான்.

சரி, இன்றைக்கு வருகிறேன். குளத்தின் கரையிலிருந்து பார்த்தபோது கல்லில் உடைவே தெரியவில்லை. ஒட்டிவிட்டார்களா, வேறு கல்லா என்று குழம்பிப்போனேன். உடைந்த பக்கம் சுவரைப் பார்த்து நிற்கவேண்டும். சுவரில் ஒரு சன்னல் இருந்தது. அந்தச் சன்னலுக்கு மறுபக்கம் இன்னொரு முற்றம். அந்த முற்றத்துக்குப் போக எனக்கு இருபது நிமிடம் பிடித்தது. ஆரணிதான் கண்டுபிடித்தாள்.

சன்னல் அருகில் நீலக் கோட்டுப் போட்ட ஒரு பெண் வந்தவர்களுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டு நின்றாள். என்னைக் கண்டதும் நிறுத்திவிட்டு, "சாப்டாச்சா?" என்றாள். லின்! மலேசியாக்காரி, மாஸ்டரின் பேச்சை ஆங்கிலமாக்கி நமக்குச் சொல்லுகிற லின். அவளுக்குத் தெரிந்த ஒரே தமிழ். கண்ட இடத்தில் எல்லாம் நம்மைப் பார்த்து அதைத்தான் கேட்பாள்.

சன்னல் வழியே கல்லைக் காட்டினாள். உடைந்த இடம் அப்படியே இருந்தது. மழைத்தண்ணீர் ஓட்டைக்குள் வந்து, உடைந்த நுனியில் நின்று, சொட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சொட்டைப் படம்பிடிக்க ஒரு சின்ன வரிசையே நின்றது. மாஸ்டர் மூன்று நாள் கல்லைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, நான்காம் நாள் அதை மறுபடி ஒடுங்கின காலில், உடைந்த பக்கத்தைச் சன்னலுக்குத் திருப்பி நிறுத்தச் சொன்னாராம்.

பிறகு இங்கிலீஷில் உன்னைக் கேட்டாள். "இடக்கைக்காரர் வரவில்லையா?"

நீ போய்விட்டதைச் சொன்னேன். அவள் வாயில் கையை வைத்துக்கொண்டாள். பிறகு, கல் உடைந்த அன்றைக்கு அவர் வந்த கோலம் மறக்காது என்றாள். எந்தக் கோலம் என்று கேட்டேன். தேத்தண்ணி நேரம் நீ தனியாக மாஸ்டரிடம் போயிருக்கிறாய். நான் ஒளிந்து நின்று புகைத்துக்கொண்டிருந்த அதே நேரம். சூப்பர்வைசரும் நின்றிருக்கிறான். உனக்கு இங்கிலீஷ் வராது. இடக்கையைத் தூக்கிக் காட்டி, "திஸ் ஹேண்ட். ஒன்லி மீ" என்றாயாம். பிறகு என் பெயரைச் சொல்லி, "ஹி சே நோ. ஹி ஹேவ் பேபி" என்றாயாம்.

வேண்டாம் என்று சொன்னவன் நீ. அதை என் பேரில் எழுதிவிட்டாய்.

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது, பொய் சொல்லமாட்டேன். யார் உன்னைக் கேட்டது? இரண்டு வருசம் நான் பட்ட பாடு என்ன? நான் உன்னைக் காட்டிக்கொடுத்தேன் என்று வெந்துகொண்டிருக்க, நீ எனக்கு முன்பே போய் அதே பொய்யைச் சொல்லிவிட்டு வந்து என் வீட்டில் என்ன கறி என்று கேட்டிருக்கிறாய். அப்படியானால் நான் செய்தது என்ன? நீ சொன்னதற்குத்தான் நான் ஆமாம் போட்டேனா? நீ சொன்னது எனக்குத் தெரியாதே. தெரியாமல் போட்ட ஆமாமும் துரோகம்தானே?

லின்னிடம் உடைந்து சொல்லிவிட்டேன். கல்லைத் திருப்பச் சொன்னது நான், சங்கிலி இழுத்தது நான் என்று. என் இங்கிலீஷில் அதைச் சொல்வதற்குள் வியர்த்துவிட்டது. அவள் ஆச்சரியப்படவே இல்லை.

"தெரியுமே" என்றாள். "அந்தக் கல்லை ஒரு ஆளால் திருப்ப முடியாது. ஒருவர் சங்கிலியை இழுக்கவேண்டும், ஒருவர் கல்லைப் பிடிக்கவேண்டும். மாஸ்டர் அங்கேயே சொன்னார். நான்தான் மொழிபெயர்த்தேன். சூப்பர்வைசர், படிவத்துக்கு ஒரு பெயர் போதும் என்றார்."

மச்சான், எனக்கு ஏன் இது தோன்றவில்லை? இத்தனை வருசம் கல்லும் மண்ணும் தூக்கினவன் நான். ஒரு ஆளால் முடியாது என்று மாஸ்டருக்குத் தெரியும், சூப்பர்வைசருக்குத் தெரியும், மொழிபெயர்த்தவளுக்குத் தெரியும். "அவன் மட்டும்தானே?" என்று கேட்டவன் முகத்தைப் பார்த்து நான் "யெஸ்" என்றபோது, நான் பொய் சொல்கிறேன் என்று தெரிந்துகொண்டுதான் அவன் பேனையை நீட்டினான். என் பொய் எடுபட்டது என்று நம்பின ஒரே ஆள் நான்தான்.

நான் "நோ" என்றிருந்தால் என்ன நடந்திருக்கும்? இரண்டு பேரையும் அனுப்பியிருப்பார்களா? அல்லது ஒரு திட்டோடு இரண்டு பேரையும் விட்டிருப்பார்களா? லின்னுக்குத் தெரியவில்லை. நான் சொன்னதை உனக்கு யாராவது சொன்னார்களா என்றும் கேட்டேன். சூப்பர்வைசர் பிறகு உன்னைத் தனியாகக் கூப்பிட்டான், தான் வெளியே நின்றதாகச் சொன்னாள். அந்தப் படிவத்தை உனக்குக் காட்டினானா? என் கையெழுத்து உனக்குத் தெரியும். எங்கள் வீட்டு வாடகைப் பத்திரத்தில் சாட்சிக்கு நீதான் பக்கத்தில் கையெழுத்து வைத்தாய்.

லின்னோடு நான் பேசியதை ஆரணி முழுக்கக் கேட்டிருந்தாள். திரும்பி வரும் வழியில் டண்டினோங்கில், சிவப்பு விளக்கில் நின்றபோது, "டிட் யூ ஸே ஸாரி டு மாமா?" என்று கேட்டாள்.

"இல்லை, பிள்ளை."

"வை நாட்?"

பச்சை விழுந்தது, பின்னால் நின்றவன் ஹோர்ன் அடித்தான். காரை எடுத்தேன்.

இதோ, சொல்கிறேன். கல்லைத் திருப்பச் சொன்னவன் நான். நீ வேண்டாம் என்றாய். உன் பெயருக்குக் கீழே கையெழுத்து வைத்தவன் நான். என்னை மன்னித்துக்கொள். நீ ஏற்கெனவே மன்னித்துவிட்டாயா, மன்னிக்க ஒன்றுமில்லை என்று நினைத்தாயா, தெரிந்துகொண்டே என்னைக் கொஞ்சம் வேகவிட்டாயா, ஒன்றும் எனக்கு விளங்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை நீ கேட்ட கேள்வியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். "உன்ர இடக்கை எங்க?" தெரிந்தவன் கேட்கிற மாதிரியும் இருக்கிறது. கையுறை கிழிந்தவன் கேட்கிற மாதிரியும் இருக்கிறது.

கொட்டின பெட்டியை இப்போதுதான் அடுக்கி முடித்தேன். நீ மாஸ்டருக்கு முன்னால் தூக்கிக் காட்டிய கை இடக்கை. நீ அந்தக் கையில் போட்ட கையுறை ஒன்றுகூட என்னிடம் இல்லை. எல்லாம் கிழிந்து குப்பைக்குப் போய்விட்டன. என்னிடம் மிஞ்சியிருப்பது உன் மற்றக் கை. இவ்வளவு நாளும் போட்டால் தேய்ந்துவிடும் என்று வைத்திருந்தேன். நாளைக் காலை அதை வலக்கையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகப்போகிறேன். இடக்கைக்கு என்னுடையது இருக்கிறது.